ஆள்கூறு

கூர் நகரம். திங்கள், காலை ஏழே கால்.
திரையில் ஒரு புல்வெளி,
எல்லைக்கற்கள் பதினேழு.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
ஒட்டாமல், விலகியும் போகாமல்
இன்னொரு பதினேழு.

கீழ் எங்கடீனிலிருந்து ஜான்-ஆந்திரி அழைக்கிறான்.
"கல்லின் தலையிலேயே கோலை வைத்து அளந்தேன்.
உன் கோப்புத்தான் கல்லை விட்டு நிற்குது."
அவன் குரலுக்குள் ஓர் ஓடை ஓடுகிறது.

சரி. வழக்கமான சந்தேகங்களிலிருந்து தொடங்கு.
கிழக்கும் வடக்கும் நிரல் மாறிப் புகுந்தனவா?
மாற்றிப் பார்த்தேன். திரை வெறுமை.
எல்லாவற்றையும் காட்டு என்றேன்.
அந்த மூலையில் ஒரு துகள்,
இந்த மூலையில் ஒரு துகள்,
நடுவில் அரைக் கண்டத்துக்குக் கறுப்பு.
திருப்பி வைத்தேன்.
தசமத்துக்குப் புள்ளியா, காற்புள்ளியா?
அலகு மீட்டர்தானா?
படத்தை யாராவது சுழற்றினார்களா?
இல்லை. இல்லை.
காப்பி ஆறிவிட்டது.

ஒரு மீட்டர் பன்னிரண்டு.
பதினேழுக்கும் அதே அளவு, அதே திசை.
கை நடுங்கினால் பிழை சிதறும்.
இது சிதறவில்லை, அணிவகுத்து நிற்கிறது.
அணிவகுக்கும் பிழைக்குப் பின்னால்
கட்டளையிட்ட ஒரு வாய் இருக்கும்.

நாடே எண் மாறிய காலம் அது.
கிழக்குக்கு முன்னால் ஓர் இரண்டு,
வடக்குக்கு முன்னால் ஓர் ஒன்று,
மேலோட்டமாகப் பார்த்தால் அவ்வளவுதான்.
பேர்ண் பக்கம் அதோடு விட்டாலும் வெளியே தெரியாது.
மலை தாண்டி இந்தக் கிழக்கு மூலைக்கு வந்தால்
பழைய வலையை இழுத்து, முறுக்கெடுத்து,
புதியதில் பொருத்தியே ஆகவேண்டும்.
யாரோ இழுக்கவில்லை.
யாரோ இரண்டையும் ஒன்றையும் ஒட்டிவிட்டு
மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

யாரோ என்ற சொல்லை ருசித்தபடி
கோப்பின் வரலாற்றைத் திறந்தேன்.
பள்ளியில் இதற்கு எங்களுக்குத் தந்த பெயர் ஆள்கூறு.
ஆள். கூறு.
கூறிற்று:
இரண்டாயிரத்துப் பதினாறு, நவம்பர்,
பதினொன்று ஐம்பத்திரண்டு.
தா. ந.
பயிலுநராய் நான் இருந்த முதல் வருடம்.

கதவோரம் கஃப்லிஷ் அம்மையார்.
"யார் என்று தெரிந்ததா?"
"நான்."
"ம்" என்று கோப்பையைக் கழுவப் போனார்.
திட்டியிருக்கலாம்.

அந்தக் கோப்பை நம்பித்தான்
போன இலையுதிர்காலம் டூரி வேலி போட்டிருந்தார்.
லார்ச் மரம், இருபத்தொரு கம்பம்,
அத்தனையும் பக்கத்துக் காணிக்குள்.

சனிக்கிழமை, வெரைனா சுரங்கத்தின் இருட்டில்
பதினெட்டு நிமிடம்
ரப்பர் சப்பாத்தை மடியில் வைத்திருந்தேன்.
வேலியோரம் நின்றவர் கேட்டார்,
"நீங்கள்தானா அந்த ஒரு மீட்டர்?"
"பன்னிரண்டு சென்டிமீட்டரும்" என்றேன்.
அலவாங்கை நீட்டினார்.

மண்ணுக்குள் இன்னும் பனிக்காலம் கிடந்தது.
பேச எங்களுக்கு அதிகம் இல்லை,
அவர் ஜெர்மனும் என் ஜெர்மனும்
வேறு வேறு பள்ளத்தாக்கில் பழகியவை.
இருட்டுமுன் இருபதைப் பிடுங்கி
இருபதை நட்டோம்.

இருபத்தொன்றாவதைத் தொட்டபோது
பக்கத்துக்காரி செரைனா கூடையோடு வந்தாள்.
"அது இருக்கட்டும்.
என் நிலத்தில் நிற்பது என்னுடையது."
கம்பத்திலிருந்து கொட்டில் வரைக்கும் ஒரு கயிறு.
கயிற்றில் ஒரு குழந்தையின் காலுறைகள்,
இடது மட்டும் மூன்று.

கோலைக் கம்பத்தின் தலையில் ஏற்றினேன்.
குமிழி நடுவுக்கு வரட்டும் என்று மூச்சை அடக்கினேன்.
காலுறை ஒன்று கருவியின் மேல் சொட்டியது.
புள்ளி பதினெட்டு.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுத என்ன இருக்கிறது?
"கம்பம்."
இரண்டும் ஒன்றும்
இந்த முறை
யாரும் ஒட்டாமல் தாமாகவே முன்னால் வந்து நின்றன.